பெஞ்சுல உக்கார ஆசை

இன்னும் மூன்று பெஞ்சுதான் இருந்தது. அது தாண்டினால் கோகிலவாணியின் முறை. எழுந்து நிற்க வேண்டும், பேரைச் சொல்ல வேண்டும், ஊரைச் சொல்ல வேண்டும், பகலில் என்ன வேலை என்று சொல்ல வேண்டும், எதுக்கு பி.காம் எடுத்தீங்க என்பதற்கும் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். காலேஜில் முதல் நாள் வகுப்பு. சுகந்தி மேடம் அவசரமே இல்லாதவராக இருந்தார். ஒவ்வொருத்தர் சொல்வதையும் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தைக் கேட்பதுபோல் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, முடிந்தது என்று உட்காரப் போகிறவரை நிறுத்தி, "வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க?" என்றோ "இவ்வளவு தூரத்திலிருந்தா வர்றீங்க?" என்றோ கூட ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கூட ஒரு கேள்விக்குத்தான் கோகிலா பயந்தாள். மற்றதெல்லாம் பஸ்ஸிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாயிற்று. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, உதடு மட்டும் அசைய, என் பேரு கோகிலவாணி, ஊரு தாராபுரம் பக்கம், பனியன் கம்பெனியில வேலை செய்யறேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னதில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் இவள் ஏதோ மந்திரம் சொல்கிறாள் என்று நினைத்துக் காலை ஒடுக்கி மரியாதையாக இடம் விட்டாள். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. பேரு, ஊரு, வேலை. அதோடு உட்கார்ந்துவிட வேண்டும். வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்காமல் இருக்க வேண்டும். கேட்டால் என்ன சொல்வது? வீட்டில் மாமா இருக்கிறார், கட்டினவரை அப்படித்தான் கூப்பிடுகிறாள். மாமா என்றால் தாய்மாமா என்று நினைத்துக்கொள்வார்கள், அது ஒரு வசதிதான். அதற்குமேல் வீட்டில் சில்லு இருக்கிறாள். சில்லுவை யாரென்று சொல்வது? தங்கச்சி என்றா? அப்படி ஒரு நினைப்பு வந்ததுமே கோகிலா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெற்ற பிள்ளையைத் தங்கச்சி என்று சொல்லுகிற அளவுக்கு வந்துவிட்டேனா என்று ஒரு பக்கம் நெஞ்சு அடித்தது. இன்னொரு பக்கம், சொல்லவில்லையே, நினைக்கத்தானே செய்தேன் என்று சமாதானம் வந்தது. இரண்டுக்கும் நடுவில், முன்னால் ஒரு பையன் எழுந்து நின்று, கொரியர் ஆபீசில் பார்சல் பிரிக்கிறேன் மேடம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள்தான். அதில் ஒன்றும் கூச்சமில்லை. ஒருத்தன் செல்போன் கடை, ஒருத்தி ஜவுளிக் கடை, இன்னொருத்தி சாயப்பட்டறை ஆபீசில் போன் எடுக்கிறவள். சாயங்காலக் காலேஜ் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கே தெரியும். ஆனால் எல்லா முகத்திலும் ஸ்கூல் இன்னும் காயாமல் இருந்தது. போன மாசம் வரைக்கும் ரிப்பன் கட்டியிருந்த மாதிரி. அந்த முகங்களுக்கு நடுவில் தன் முகம் எப்படித் தெரியும் என்று அவளுக்கு விளங்கவில்லை. வீட்டுக் கண்ணாடியில் பார்த்தபோது சின்னதாகத்தான் இருந்தது. வீட்டுக் கண்ணாடியை நம்ப முடியாது. அதில் பாதி இடம் சில்லு ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டுதான்.

கிளம்பும்போதே தாலிக்கொடியை உள்ளே விட்டு, கழுத்து ஏறின சுடிதாராகப் பார்த்துப் போட்டாள். மெட்டியைக் கழற்றக் கை வரவில்லை. கழற்றினால் மாமா ஒன்றும் சொல்லமாட்டார், சொல்லமாட்டார் என்பதாலேயே கை வரவில்லை. அதற்குப் பதிலாக விரல் மூடுகிற கட்ஷூ ஒன்றை எடுத்து மாட்டினாள். ரெண்டு தோளிலும் ஷாலை மடித்துப் பின் குத்தினாள். எல்லாம் மரகதம் அக்கா சொல்லிக்கொடுத்த பாடம். மரகதம் அக்கா கம்பெனியில் டெய்லர், தேனிப் பக்கத்துக்காரி, கோகிலா அவளுக்குக் கைமடி. அக்கா மிஷினில் ஓட்ட ஓட்ட இவள் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுத்து, தைத்து வந்ததை வாங்கி நூல் பிசிறு வெட்டி அடுக்க வேண்டும். போன வாரம்தான் சேர்ந்தாள். ஈவினிங் காலேஜ் சேரப் போகிறேன் என்று இவள் மெல்ல வாய் திறந்தபோது மரகதம் அக்கா மிஷினை நிறுத்தவே இல்லை. "இங்க பாரு புள்ள, அங்க போயி கல்யாணமானவ, புள்ள பெத்தவன்னு சொல்லித் தொலைக்காத. மரியாதை குடுக்குறேன் மரியாதை குடுக்குறேன்னே ஓரமா உக்கார வச்சுருவாளுக. எங்க அக்கா மக படிக்கையில அப்படி ஒருத்தி இருந்தாளாம். எல்லாரும் பைய அவகிட்ட குடுத்துட்டு, அக்கா பாத்துக்கங்கன்னு கேன்டீனுக்குப் போயிருவாளுகளாம். மூணு வருசமும் அவ பையத்தான் படிச்சா." சொல்லிவிட்டு அக்காவே சிரித்தாள், கோகிலாவும் சிரித்தாள், ஆனால் அந்தப் பைகள் அவள் மனசில் அப்படியே ஏறி உட்கார்ந்துகொண்டன. யாரும் இல்லாத வகுப்பில் பெஞ்சு நிறையப் பைகள். நடுவில் ஒரு அக்கா. அதனால்தான் தாலி உள்ளே போனது, கட்ஷூ வந்தது. அதை மாட்டத் தரையில் உட்கார்ந்தபோது சில்லு பின்னால் வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். உப்பு மூட்டை ஏறுகிறாளாக்கும் என்று நினைத்தாள். ஏறவில்லை. முதுகில் சின்னக் கையால் தட்டினாள். தட்டித் தட்டி, ஓங்கு, அம்மா ஓங்கு என்றாள். தூங்கு என்பது அவள் வாயில் அப்படித்தான் வரும். தினமும் இவள் தட்டித் தூங்கவைக்கிறதைத் திருப்பிச் செய்கிறாள். ஒரு தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு தட்டு. அவ்வளவு அக்கறையாக. தூங்கு என்று பிள்ளை சொல்கிறது, தாய்க்காரி கிளம்பிக்கொண்டிருக்கிறாள். ஒரு நிமிஷம் அப்படியே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அப்புறம் புருஷன் தேவராஜ் வந்து, "எந்திரி எந்திரி, பஸ் போயிரும். ரெண்டு டன் துணிய ஏத்தி எறக்கறவன், இந்தச் சில்ல ஏத்தி எறக்க மாட்டனா?" என்று பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். லோடு ஆட்டோக்காரன் அவன். தறியிலிருந்து சாயத்துக்கு, சாயத்திலிருந்து கட்டிங்குக்கு என்று ஊரெல்லாம் துணி உருளையை ஏற்றி இறக்குகிறவன். சில்லு என்று பேர் வைத்ததும் அவன்தான். மாசம் முந்திப் பிறந்தவளை நர்ஸ் கொண்டுவந்து கையில் கொடுத்தபோது, ஏங்க இது, தேங்காச் சில்லாட்ட இருக்குது என்றான். பெரியவர்கள் வைத்த யாழ்நிலா என்ற பேர் கார்டில் இருக்கிறது. வீட்டில் அது யாருக்கும் ஞாபகமில்லை.

காலடியில் பை. பைக்குள் போன். அதைச் சத்தமில்லாமல் அதிருகிற மாதிரி வைத்துத் தந்ததும் தேவராஜ்தான். பேச்சு என்னவென்றால், சில்லு சோறு தின்றுவிட்டால் ஒரே ஒரு மிஸ்டு கால். அழுதால், நிறுத்தமுடியாமல் அழுதால், விடாமல் போன் அடிப்பான். விடாமல் அடித்தால் இவள் எழுந்து போய்விட வேண்டியதுதான். பகலில் பிரச்னையில்லை, பக்கத்துப் போர்ஷன் அக்காவின் பிள்ளைகளோடு சில்லு விளையாடிவிடுவாள். சாயங்காலம் விளக்குப் போட்டதும்தான் அவளுக்கு அம்மா ஞாபகம் வரும். விளக்குப் போட்ட நேரத்தில் அம்மா இல்லாமல் இருப்பது இன்றைக்குத்தான் முதல் தடவை. இப்போது விளக்குப் போட்டிருப்பார்கள். இங்கேயும் போட்டாயிற்று, ட்யூப்லைட் ஒன்று கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. கோகிலா ஷூ நுனியால் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்துக் கடைப் பெண் பேசி முடித்த நேரத்தில் பை அதிர்ந்தது. கால்விரல் வழியாக ஏறி முழங்கால்வரை வந்தது அந்த அதிர்வு. வந்து நின்றுவிட்டது. ஒரு தடவை. ஒரு தடவைதானா? இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருந்தாள். வராது. வந்தாலும் வரும். அடித்துவிடு மாமா என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டது. அது தன் குரல்தான் என்று தெரிந்ததும் அவளுக்கு முகம் சுட்டது. போன் அடித்தால் எழுந்து போய்விடலாம். மேடம், பாப்பா அழுகுதுங்க என்று, இல்லையில்லை, வீட்டில் ஒரு அவசரம் மேடம் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடலாம். பேரும் சொல்ல வேண்டாம், ஊரும் சொல்ல வேண்டாம். நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டு, நாளைக்கு வராமலே இருந்துவிடலாம். பிள்ளை விடலீங்க அக்கா என்று மரகதம் அக்காவிடம் சொன்னால் அக்கா நம்பிவிடுவாள். மாமாவும் நம்பிவிடுவார். எல்லாரும் நம்பக்கூடிய காரணம். தனக்குப் பயமாக இருக்கிறது என்பதற்காகப் பெற்ற பிள்ளை அழ வேண்டும் என்று ஆசைப்படுகிற தாய் ஊர் உலகத்தில் இருப்பாளா? இருக்கிறாளே, இதோ இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளே. பை அதிரவில்லை. ஒரு தடவையோடு சரி. அப்படியென்றால் சில்லு தின்றுவிட்டாள். அப்பன் கையால் வாங்கித் தின்றுவிட்டாள். பருப்பும் நெய்யும் பிசைந்து வைத்துவிட்டு வந்தது. அதை எப்படிக் கொடுத்திருப்பான்? இவள் என்றால் காக்கா உருண்டை, அணில் உருண்டை என்று சின்னச் சின்னதாக உருட்டித் தட்டு ஓரமாக வரிசையாக வைப்பாள். அவன் மொத்தமாக ஒரே உருண்டையாக உருட்டியிருப்பான், லோடு மாதிரி. அதையும் தின்றிருக்கிறாள் கழுதை. அம்மா எங்கே என்று ஒரு தடவைகூடக் கேட்டிருக்கமாட்டாளா? கேட்டிருந்தால் அழுதிருப்பாள். அழுதிருந்தால் விடாமல் அடித்திருப்பான். அழவில்லை. நல்லதுதானே என்று கோகிலா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நல்லதுதான். நல்லது என்று சொல்லச் சொல்ல, பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி என்னவோ ஒன்று உள்ளே நெருடிக்கொண்டே இருந்தது.

எதுக்கு பி.காம் எடுத்தீங்க? இப்போது ஒரே ஒரு பெஞ்சு, அதுவும் பாதி முடிந்தாயிற்று. இதற்குப் பதில் இன்னும் தயாராகவில்லை. ஆடிட்டர் ஆகணும் மேடம் என்றாள் சாயப்பட்டறைப் பெண். பேங்க் எக்ஸாம் எழுதணும் மேடம் என்றான் செல்போன் கடைப் பையன். எல்லாரும் எங்கேயோ போகிற வழியில் இங்கே ஏறியிருக்கிறார்கள். இவளுக்கு எங்கே போக வேண்டும் என்று இன்னும் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம், ஒன்பதாவது படிக்கும்போது பாதியில் நின்ற ஒரு மத்தியானம்தான். அன்றைக்கு அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போய், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சொந்தக்காரர் ஒருத்தர் வந்து வகுப்பு வாசலில் நின்றார். கடைசி பெஞ்சு, ஜன்னல் ஓரம். மேசைமேல் பாதி வரைந்த படம் அப்படியே கிடந்தது, ஏதோ ஒரு பூவின் பாகங்கள். வரைந்து முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. எழுந்து வந்துவிட்டாள். அதற்குப் பிறகு உட்காரவேயில்லை என்றுதான் அவளுக்குத் தோன்றும். உட்காராமல் யாராவது இருக்க முடியுமா? காய் நறுக்க உட்கார்ந்தாள், பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தாள், வீட்டுக்கு வந்து இறங்குகிற பனியன் கட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு மடியில் சில்லுவோடு பிசிறு வெட்ட உட்கார்ந்தாள். அதெல்லாம் ஒரு வேலைக்காக உட்கார்ந்தது. கால் உட்கார்ந்தது, இவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். பத்தாவது தனித்தேர்வு எழுதும்போது சில்லு வயிற்றில், பன்னிரண்டாவது எழுதும்போது சில்லு இடுப்பில். படித்ததெல்லாம் அடுப்படியில் நின்றபடி, புத்தகத்தை மளிகை டப்பா மேல் சாத்தி வைத்துக்கொண்டு. இப்போது கம்பெனியிலும் கைமடிக்கு நாற்காலி கிடையாது. காலையிலிருந்து சாயங்காலம்வரை நின்று, வீட்டுக்கு வந்து முகம் கழுவி, பஸ்ஸிலும் நின்று, இந்த வகுப்புக்குள் நுழைந்து இந்தப் பலகையில் உட்கார்ந்தபோது இவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பலகை ஒன்றும் மெத்தையில்லை. ஒரு ஓரத்தில் ஆணி தூக்கிக்கொண்டிருந்தது. மேசைமேல் யாரோ ஒருத்தன் காம்பஸால் தன் பேரையும் ஒரு பெண் பேரையும் செதுக்கி, பிறகு மனசு மாறி பெண் பேரை மட்டும் சுரண்டியிருந்தான். ஆனாலும் இங்கே உட்கார்ந்திருக்கிற நேரத்துக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள். அம்மா என்றோ, கோகி அந்த லுங்கி எங்கே என்றோ, ஏ புள்ள துணி வரலை என்றோ யாரும் சத்தம் போடமாட்டார்கள். யாரோ ஒருத்தர் முன்னால் நின்று பேசுவார், இவள் உட்கார்ந்து கேட்கலாம். அதற்குத்தான் வந்தாள். உண்மையைச் சொன்னால் பி.காமுக்குப் பதில் வேறு என்ன கொடுத்திருந்தாலும் வந்திருப்பாள். பெஞ்சு இருந்தால் போதும். இதைப் போய் சொல்ல முடியுமா? எல்லாரும் சிரிப்பார்கள். பேங்க் என்று சொல்லிவிடலாம். பேங்க் என்றால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். என் பேரு கோகிலவாணி, ஊரு தாராபுரம் பக்கம், பேங்கில், இல்லை, பனியன் கம்பெனியில். வரிசை குழம்புகிறது. கோகிலா, கிளம்பினதிலிருந்தே முன்னால் போட்டிருந்த ஜடையின் நுனியைத் திருகிக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் குனிந்து, மேசையோடு மேசையாகச் சுருங்கிக்கொண்டாள்.

குனிந்ததால்தான் அது கண்ணில் பட்டது. முன் பெஞ்சில் இருந்த பெண்ணின் புதுச் சுடிதார், காலர் பட்டி முடிகிற இடத்தில், ஒரு நூல். இரண்டு விரல்கடை நீளம். ஊதாத் துணியில் வெள்ளை நூல், பார்க்கவே சகிக்கவில்லை. ஃபேன் காற்றில் அது எழுந்து எழுந்து அடங்கியது, வா வா என்று கூப்பிடுகிற மாதிரி. கோகிலா பார்வையைக் கரும்பலகைக்குத் திருப்பினாள். பகலில் இங்கே நடந்த ஏதோ வகுப்பின் பாதி அழித்த கணக்கு அதில் இருந்தது. அதைப் படிக்கப் பார்த்தாள். கண் தானாகக் காலருக்கு வந்தது. ஊதாத் துணிக்கு யாராவது வெள்ளை நூல் கோத்துத் தைப்பார்களா, டெய்லர் துணி மாற்றும்போது நூல் மாற்றச் சோம்பேறித்தனப்பட்டிருப்பான். கம்பெனியில் என்றால் இந்நேரம் செக்கிங்கில் இருந்து திரும்பி வந்திருக்கும். சூப்பர்வைசர் பீஸைத் தூக்கிப் பிடித்து, இது யார் கைமடி என்று கத்தியிருப்பான். இவள் கை மேசைக்கடியில் தானாக நூல் வெட்டுகிற மாதிரி மடங்கிப் பிரிந்தது. மனசு எங்கேயோ இருந்தது. காக்கா உருண்டை, அணில் உருண்டை, பூவின் பாகங்கள், பெஞ்சு நிறையப் பைகள். வீட்டில் கட்டு பிரித்து வெட்டும்போது சில்லு எதிரே உட்கார்ந்து விழுகிற பிசிறையெல்லாம் அள்ளித் தலையில் போட்டுக்கொள்வாள், பூ வைத்துவிட்டேன் என்பாள். சாயங்காலமானால் அவள் தலைமுடியிலிருந்து கலர் கலராக நூல் பொறுக்குவது இவளுக்கு ஒரு வேலை. கழுத்தில் ஏதோ கனத்தது. தாலிக்கொடியோடு கூடவே, இன்னொரு கயிற்றில், டிரிம்மர். வீட்டிலிருந்து கம்பெனிக்குக் கொண்டு போகிற சொந்த டிரிம்மர், விரல் நீளத்துக்கு ஒரு குட்டிக் கத்திரி. சுடிதார் மாற்றும்போது கழற்ற மறந்து அதுவும் உள்ளேயே வந்திருக்கிறது. அது எப்போது வெளியே வந்தது, எப்போது கைக்குள் வந்தது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. க்ளிக். அவ்வளவுதான். நூல் இவள் விரலில் இருந்தது. முன்னாலிருந்த பெண் கழுத்தைத் தொட்டுக்கொண்டு திரும்பினாள்.

"என்னக்கா?" என்றாள் அந்தப் பெண். கோபமா இல்லையா என்று தெரியவில்லை. அக்கா என்றுவிட்டாள். இன்னும் பேர்கூடச் சொல்லவில்லை, அதற்குள் அக்கா. "பிசிறு" என்றாள் கோகிலா, குரல் வெளியே வந்ததா என்றே சந்தேகமாக இருந்தது. "பிசிறுங்க. தெரியாம வெட்டிப்போட்டேன்." நூலை ஆதாரம் மாதிரி நீட்டிக் காட்டினாள். அந்தப் பெண் நூலைப் பார்த்தாள், டிரிம்மரைப் பார்த்தாள், உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கினாள். பிறகு சத்தமில்லாமல் தன் இடது கையை மடக்கி முழங்கையைப் பெஞ்சு முதுகின்மேல் வைத்தாள். "இங்கயும் ஒண்ணு இருக்குங்க்கா. காலையிலருந்து அரிச்சுட்டே இருக்குது. மருந்துக் கடையில கத்திரி இருக்குது, ஒத்தக் கையில வெட்ட வரல." அப்போதுதான் கோகிலாவுக்கு ஞாபகம் வந்தது, இவள்தான் மருந்துக் கடைப் பெண், அபிதா என்று பேர் சொன்னாள், அவிநாசி. ஒன்று வெட்டினால் என்ன, இரண்டு வெட்டினால் என்ன. க்ளிக். அபிதாவின் பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்து, "ஏய், எனக்கு இந்த ஷால் ஓரம்" என்று அதைப் பின்னால் தள்ளினாள். கோகிலா ஷாலை வாங்கிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு விரல் அவள் தோளை மெதுவாகத் தொட்டது. பின் பெஞ்சுப் பெண். "அக்கா, உங்க முதுகுலயும் இருக்குதுங்க." பிசிறா என்றாள் கோகிலா. "பிசிறு இல்லீங்க. ஸ்டிக்கர் பொட்டு. வரிசையா. ரயிலாட்ட." சாயங்காலம் முழுக்க ஜடையை முன்னால் போட்டுத் திருகிக்கொண்டிருந்ததில் முதுகு திறந்து கிடந்திருக்கிறது. ரெண்டு தோளிலும் ஷால் பின், நடுவில் சில்லு ஒட்டிய ரயில். ஒரு தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு தட்டு. தூங்கவைத்தாள் என்று நினைத்தோமே, கள்ளி. அட்டையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒட்டியிருக்கிறாள். தாலியை ஒளித்து, மெட்டியை ஒளித்து, பஸ் முழுக்க மந்திரம் சொல்லிக்கொண்டு வந்து இறங்கியபோது முதுகில் ஊருக்கே தெரிகிற மாதிரி சில்லு வந்து இறங்கியிருக்கிறாள். "பாப்பா வேலைங்களா?" என்றாள் பின் பெஞ்சுப் பெண். "நீங்க உள்ள வந்தப்பவே பாத்துட்டோம். இவகூட சொன்னா, எங்கக்கா பாப்பாவும் இப்படித்தான், எங்கப்பா வழுக்கையில ஒட்டிவிட்டு அவரு அப்படியே ரேஷன் கடைக்குப் போயிட்டாருன்னு. எடுத்துரட்டுங்களா?" கோகிலாவுக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியது என்று பின்னால் யோசித்தாலும் சரியாகப் பிடிபடவில்லை. பைகள் ஞாபகம் வந்தது. ஆனால் யாரும் பையை நீட்டவில்லை, முழங்கையைத்தான் நீட்டினார்கள், ஷாலைத்தான் நீட்டினார்கள். பல்லிடுக்கில் மாட்டிய நாரும் அப்போதுதான் இளகியது. அம்மா எங்கே என்று பிள்ளை ஏன் கேட்கவில்லை? கேட்க அவசியம் இல்லை. அவள்தான் கூடவே வந்திருக்கிறாளே. "வேண்டாம் கண்ணு" என்றாள் கோகிலா. "இருக்கட்டும்."

"அங்க என்ன தையல் கடை நடக்குது?" என்று சுகந்தி மேடம் கேட்டார். அதட்டல் இல்லை, அதே விசேஷ வீட்டுக் குரல்தான். ஷால் முன்னுக்குப் போனது, முழங்கை மடங்கியது, டிரிம்மர் மட்டும் இவள் நெஞ்சின்மேல் வெளியே தொங்கியது, கூடவே தாலிக்கொடியும் ஒரு விரல்கடை இழுபட்டு எட்டிப் பார்த்தது. "அந்த ஊதா சுடிதாருக்குப் பின்னாடி இருக்கறவங்க. நீங்களே எந்திரிச்சிருங்க, உங்ககிட்ட வரத்தான் நேரமாகுது." கோகிலா எழுந்தாள். பேரு, ஊரு, வேலை என்று கட்டி வைத்திருந்த கட்டு மொத்தமாக அவிழ்ந்து எங்கேயோ போய்விட்டது. இருந்தது ஒரு வெள்ளை நூல், விரலில் சுற்றிக்கொண்டு. அதைச் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். "கோகிலவாணிங்க" என்றாள். சொல்லிவிட்டு, தன் பேரைத் தானே வாய்விட்டுச் சொல்லி எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது. "பனியன் கம்பெனியில கைமடிங்க. அதான், நூலப் பாத்தா கை சும்மா இருக்கறதில்ல." யாரோ சிரித்தார்கள். மோசமான சிரிப்பு இல்லை. மேடம் தலையை ஆட்டினார். கூட ஒரு கேள்வி வரப் போகிறது, அது என்ன என்றும் தெரியும். அதற்குள் இவளே சொல்லிவிட்டாள். "எனக்கொரு பாப்பா இருக்குதுங்க மேடம். சில்லுன்னு கூப்புடுவோம். முதுகுல இருக்கற பொட்டெல்லாம் அவ ஒட்டுனதுங்க, நானா வச்சுட்டு வரல." இப்போது வகுப்பே சிரித்தது. பின் பெஞ்சில் ஒருத்தி, ரயில் மேடம், எஞ்சின்கூட இருக்குது என்றாள். மேடமும் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும், "சரி கோகிலவாணி, எதுக்கு பி.காம் எடுத்தீங்க?" என்று கேட்டார். பேங்க் என்று நாக்கு நுனிவரை வந்தது. அது யாருடைய பதிலோ. கடைசி பெஞ்சு ஜன்னல் ஓரமும் அரைகுறைப் பூவும் நினைப்பில் வந்து போயின. "எனக்கு பெஞ்சுல உக்காரோணும்னு ஆசைங்க மேடம்" என்றாள். சொன்ன பிறகுதான் எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. ட்யூப்லைட் ஒரு தடவை கண் சிமிட்டிவிட்டு நின்று எரிந்தது. சுகந்தி மேடம் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"அப்பறம் எதுக்குங்க நின்னுட்டே இருக்கீங்க? உக்காருங்க" என்றார்.

கோகிலா உட்கார்ந்தாள். பக்கத்துப் பெண் எழுந்து தன் பேரைச் சொல்ல ஆரம்பித்தாள். முன்னாலிருந்து அபிதா திரும்பாமலே வலது முழங்கையைக் கொண்டுவந்து பெஞ்சு முதுகின்மேல் வைத்தாள், அதிலும் ஒரு நூல். இவள் அதைக் கையால் மறைத்து யாரும் பார்க்காமல் வெட்டினாள். பை காலடியில் அசையாமல் கிடந்தது. காலையிலிருந்து நின்ற கால் இரண்டும் கட்ஷூவுக்குள் மெல்லத் தளர்ந்தன. பின்னால் சாய்ந்துகொள்ளலாம் என்று தோன்றியது, சாயத்தான் போனாள். சாய்ந்தால் ரயில் உதிர்ந்துவிடும். வீடு போய்ச் சேரும்வரைக்கும், தோளைக்கூடக் கூனாமல், நிமிர்ந்தே உட்கார்ந்திருப்போம் என்று உட்கார்ந்தாள்.